மீனாச்சியக்கா வீட்டில் எத்தனை பேர்

நிவாரண மனுவில் நான்காவது கேள்வி, ‘வீட்டில் எத்தனை பேர்?’ என்பது. மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் அரிசி அட்டை உண்டு. இரண்டு என்றால் எங்கள் ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி, கொஞ்சம் யோசிப்பார். ஒன்று என்றால் மற்ற பதில்களைப் படிக்கவே மாட்டோம். அந்தத் தாள் மேசைக்கு வலப்பக்கம் இருந்த கூடைக்குப் போகும். கூடையைக் கொண்டு போய்க் கொட்டுவதும் என் வேலைதான்.

1958-ஆம் வருஷம். மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. ரப்பர் விலை விழுந்துவிட்டது. நான் கிராணியாக இருந்த தோட்டத்தை வெள்ளைக்காரன் விற்றான், வாங்கியவன் அதைத் துண்டு துண்டாக வெட்டி விற்றான். தொழிலாளிகள் குடியிருந்த லயம் காலியானது. என் மனைவி கமலவேணி பிள்ளைகளோடு செகாமட்டில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். நான் மலாக்காவுக்கு வந்து செமாபோக்கில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். நிவாரண ஆபீசில் தற்காலிக வேலை கிடைத்தது. சைக்கிளில் வீடு வீடாகப் போக வேண்டும், பதினொரு கேள்வி கேட்க வேண்டும், எழுத வேண்டும். வேலை போனவனை வைத்தே வேலை போனவர்களைக் கணக்கெடுத்தார்கள். நான் அதைச் சொல்லிச் சிரிப்பேன், கூடச் சிரிக்கத்தான் ஆள் இருக்காது.

அந்தக் கஷ்ட காலத்தில் அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று இன்றைக்கு யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். செய்தது. எத்தனையோ வீடுகளில் எங்கள் அரிசியால்தான் உலை கொதித்தது. ஆண்களுக்குக் கால்வாய் வெட்டும் வேலை கொடுத்தார்கள், சின்னப் பிள்ளைகளுக்குப் பால் மாவு கொடுத்தார்கள். ஆனால் அந்த மனுவைத் தயாரித்த புண்ணியவான் பெரிய குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவராக இருக்க வேண்டும். ஒரு மனுஷி தன்னந்தனியாகவும் பசியோடு இருக்க முடியும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. ஐம்பத்தைந்து வயது தாண்டினால் முதியோர் உதவி, அதற்குக் கீழே தனி ஆள் என்றால் ‘வேலை தேடிக்கொள்ளவும்’. எங்கே தேடுவது என்று மனுவில் இல்லை.

மீனாச்சியக்காவுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது.

காஜா பெராங்கில், கம்போங் செட்டி என்ற குடியிருப்பில் அவர் வீடு. மலாக்காச் செட்டிகள் பல தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறியவர்கள். நம்மைப் போலவே திருநீறு பூசுவார்கள், கோயிலுக்குப் போவார்கள், பொங்கல் வைப்பார்கள். பேசுவது மட்டும் மலாய். அக்கா சாரோங்கும் கெபாயாச் சட்டையும்தான் உடுத்துவார். அக்கா, தம்பி, சாமி என்று சில தமிழ்ச் சொற்கள் அவர் வாயில் உண்டு, மற்றதெல்லாம் மலாய்தான். அவர் சொன்னதை நான் தமிழிலேயே எழுதுகிறேன்.

ஆற்றோரத்து ரப்பர் கிடங்கு ஒன்றில் அவருக்குப் பதினோரு வருஷ வேலை. புகை போட்ட ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். எங்கே கறுப்புப் புள்ளி, குப்பை, நீர்க்கொப்புளம் தெரிகிறதோ அங்கே கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பார். நாளெல்லாம் அதே. வெளிச்சத்தையே பார்த்துப் பார்த்துக் கண்ணைச் சுருக்கும் பழக்கம் அவருக்கு நிலைத்துவிட்டது. யாரைப் பார்த்தாலும் எங்கே குறை இருக்கிறது என்று தேடுவதுபோல இருக்கும். டிசம்பர் மாதம் கிடங்கில் பாதிப் பெண்களை நிறுத்தினார்கள். குடும்பம் உள்ளவர்களை வைத்துக்கொண்டு தனி ஆட்களை முதலில் அனுப்பினார்களாம். அங்கேயும் அதே கேள்விதான் போலிருக்கிறது.

நான் அவர் வீட்டுக்குப் போன நாள் பொங்கலுக்கு முதல் நாள். அன்றைக்குச் செட்டிகள் பார்ச்சு என்று சொல்லி இறந்துபோன முன்னோருக்கு இலை போட்டுப் படைப்பார்கள். அது எனக்குத் தெரியாது. முகவரிப் பட்டியலில் அடுத்த வீடு, அவ்வளவுதான். பக்கத்து வீட்டார் யாரோ இவர் பெயரைக் கொடுத்திருந்தார்கள்.

நான் சைக்கிளை நிறுத்தும்போது அவர் வாசற்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். சாத்துவதற்குள் பார்த்துவிட்டேன். கூடத்தில் விளக்கு, சாம்பிராணிப் புகை, வரிசையாக ஐந்து வாழை இலை. தேங்காய்ப்பால் சோறு, மீன் குழம்பு, கத்தரிக்காய். ஓர் இலைக்குப் பக்கத்தில் கறுப்புக் காப்பியும் ஒரு சிகரெட்டும். கடைசி இலை மற்றவற்றைவிடச் சின்னது, அதில் பாண்டான் இலை வாசமுள்ள பச்சைப் பலகாரம் மட்டும் நான்கைந்து இருந்தது.

“உள்ளே வரக் கூடாது தம்பி. அவங்க சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க. இங்கே படியில உட்காரு” என்றார்.

படியில் உட்கார்ந்தோம். படைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவது அவர் வீட்டு வழக்கம். சாம்பிராணி தணியும்வரை உள்ளே போகக் கூடாது, சத்தம் போடக் கூடாது. இன்னொன்றும் உண்டு என்று பிறகு சொன்னார். அவர்கள் சாப்பிடும் நேரத்தில் அவர்கள் இல்லை என்று வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் எழுந்து போய்விடுவார்கள், அப்புறம் வரமாட்டார்கள் என்று மாமியார் சொல்லிக் கொடுத்தாராம்.

நான் என் பாட்டுக்குத் தாளை விரித்தேன். நான்காவது கேள்விக்கு வந்தேன்.

“வீட்டில எத்தனை பேரு?”

அவர் மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு, “ஆறு பேரு” என்றார்.

பேர், வயது கேட்டேன். மாமனார் சின்னையா, அறுபத்திரண்டு. மாமியார் பொன்னம்மா, ஐம்பத்தெட்டு. புருஷன் சங்கரன், முப்பத்தெட்டு. நாத்தனார் பத்மினி, இருபத்திரண்டு. மகள் சீதா, ஏழு. கடைசியில் தன் பெயரைச் சொன்னார்.

எனக்குப் புரியாமல் இல்லை. நானும் தமிழன்தானே, படையல் தெரியாதா. புருஷனைவிட மனைவி பதினோரு வயது மூத்தவள், மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒன்பது வயதுதான் வித்தியாசம். அவர்கள் எல்லாரும் போன இடத்தில் வயது ஏறுவதில்லை. இவருக்கு மட்டும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. எழுதும்போது அது என்னை என்னவோ செய்தது.

ஒன்று என்று எழுதியிருக்க வேண்டும். அதற்கு முந்திய எட்டு நாளில் பதினேழு தனி ஆட்களைக் கூடைக்கு அனுப்பியிருந்தேன். பதினெட்டாவது ஆளுக்குக் கை வரவில்லை. அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன் என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டு ஆறு என்று எழுதினேன். சங்கரன் பெயருக்கு நேரே, வேலை என்ற கட்டத்தில், ‘வேலை செய்ய இயலாதவர்’ என்று நானாகச் சேர்த்தேன். இல்லாவிட்டால் அந்த மனுஷனைக் கால்வாய் வெட்டக் கூப்பிட்டுவிடுவார்கள். நினைத்துப் பார்த்தால் அது பொய்கூட இல்லை.

மனு எதற்கு என்று அக்கா கேட்கவே இல்லை. படையல் நாளில் வீட்டுக்கு வந்த விருந்தாளியாக மட்டும்தான் நான் அவருக்குத் தெரிந்தேன். புகை தணிந்ததும் கதவைத் திறந்து, எனக்கும் ஓர் இலை போட்டார். நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். “வருஷத்துல இன்னிக்கு ஒரு நாள்தான் இந்த வீட்டுல சமையல் வாசம் வெளியே போகும்” என்றார்.

சீதா ஜப்பான்காரன் காலத்தின் கடைசி வருஷத்தில் காய்ச்சலில் போனாள். அதற்கு எட்டு மாதம் முந்தி சங்கரன். மற்றவர்கள் முன்னும் பின்னுமாக. பதின்மூன்று வருஷமாக அந்தக் கூடத்தில் அக்கா மட்டும். காலையில் ஒரு கோப்பை அரிசி போட்டு, இரவுக்கும் அதையே வைத்துக்கொள்வார். கம்போங்கில் நல்லவர்கள் இருந்தார்கள், பண்டம் கொடுத்தார்கள், கூப்பிட்டார்கள். அவர் போவதில்லை. அடுத்தவர் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் போய் உட்கார்ந்தால் தன் தனிமை இரண்டு மடங்காகத் தெரியும் என்று ஒருமுறை சொன்னார். செமாபோக் அறையில் தனியாகச் சோறு பொங்கிய எனக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அட்டை பிப்ரவரியில் வந்தது, ஆறு பேருக்கு. அக்கா அதை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்து என் மேசையருகே நின்றார்.

“ஆறு பேரு அரிசி எனக்கு எதுக்கு தம்பி?”

“பேசாம வாங்கிக்குங்க, அக்கா” என்று காதோரம் சொன்னேன்.

அப்போது ஒரு முறை வைத்திருந்தோம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை, தெங்கேரா சாலைக் கடைவீட்டில் அரிசி கொடுப்போம். கவுண்டரில் ஒருவர் அட்டையை வாங்கி ஒவ்வொரு பெயராக உரக்க வாசிப்பார். அட்டைக்காரர், “இருக்காரு, இருக்காங்க” என்று பதில் சொல்ல வேண்டும். பிறகுதான் அளந்து கொடுப்பார்கள். செத்துப்போனவர் பெயரில் யாரும் வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

முதல் வெள்ளிக்கிழமை வாசித்தவன் நான்தான். சின்னையா என்றேன். அக்கா பதில் சொல்லாமல் என்னையே பார்த்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். இன்னொரு தடவை கூப்பிட்டேன். “இருக்காரு” என்றார், மெல்ல. பொன்னம்மா. “இருக்காங்க.” சங்கரன். “இருக்காரு.” பத்மினி. சீதா. சீதாவுக்குச் சொல்லும்போது அவர் கண் சுருங்கவில்லை. முகம் அப்படியே விரிந்தது. நான் அதற்கு முன் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவர்தான் வரிசையில் முதல் ஆள். கெபாயாவுக்குக் கஞ்சி போட்டு, தலையில் பூ வைத்து வருவார். அரிசிக்காக வரவில்லை என்று சீக்கிரமே தெரிந்துகொண்டேன். அவர் அதில் ஒரு பங்கைத்தான் வைத்துக்கொண்டார். மீதியைப் பக்கத்து வீட்டுப் பின்பக்கத்தில் வாடகை அறையில் இருந்த பாக்கியலட்சுமிக்குக் கொடுத்துவிடுவார். பாக்கியலட்சுமி எங்களைப் போலத் தோட்டம் இழந்து வந்தவள். நான்கு பிள்ளைகள். ஊருக்கு வந்து ஆறு மாதம் ஆகவில்லை என்று அவளுக்கு அட்டை மறுத்திருந்தோம். சட்டப்படி அட்டை பெறக் கூடாதவள் வழியாக, சட்டப்படி அட்டை பெற முடியாதவளுக்கு அரிசி போனது. அந்தத் திட்டம் உருப்படியாக வேலை செய்த இடம் அது ஒன்றுதான் என்று சில நாள் நினைத்துக்கொள்வேன்.

அக்கா வந்தது பெயர் கேட்க. அந்த ஐந்து பேரையும் பதின்மூன்று வருஷமாக யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நாங்கள் கூப்பிட்டோம், சர்க்கார் முத்திரை குத்திக் கூப்பிட்டோம்.

மே மாதம் பெரிய கிராணி பொன்னுதுரை, பிள்ளைகளின் எடை எழுதும் பால் மாவுப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை.

“மருதமுத்து, இந்தச் செட்டி வீட்டில ஏழு வயசுப் பிள்ளை ஒண்டு இருக்கெல்லோ? ஒரு தரமும் நிறுக்கக் கொண்டு வரேல்லையே. நீர் பிள்ளையைக் கண்டனீரோ?”

“கண்டேன் ஐயா” என்றேன். சின்ன இலையைத்தான் கண்டிருந்தேன்.

“அப்ப வாற வெள்ளி தாயோட வரச் சொல்லும். வராட்டி அட்டையை வெட்ட வேணும். பொய்யா எழுதினதெண்டால் எழுதின ஆளையும்தான்.”

அன்று மாலை காஜா பெராங்குக்குப் போனேன். வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை குடும்பத்துக்குத்தான், தனி ஆளுக்கு இல்லை. உண்மை தெரிந்தால் அரிசி நிற்கும், பாக்கியலட்சுமியின் பிள்ளைகளுக்கும் சேர்த்து. என் வேலையும் போகும். செகாமட்டில் என் பிள்ளைகள் மாமன் வீட்டுச் சோற்றை எண்ணி எண்ணிச் சாப்பிடுகிறார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, வழியையும் நானே சொன்னேன். பாக்கியலட்சுமியின் மகள் சந்திரமதிக்கு ஏழு வயது. ஒருநாள் கூட்டிக்கொண்டு வந்து சீதா என்று காட்டினால் போதும். அந்தக் காலத்தில் பலர் செய்ததுதான், பிள்ளையை இரவல் வாங்குவது.

“அந்தப் பிள்ளையை சீதான்னு கூப்பிடுவாங்களா?” என்று அக்கா கேட்டார்.

“ஒரே ஒரு தடவைதான்.”

“தாப்பா, தம்பி. உனக்காகக் கூட்டிக்கிட்டு வர்றேன்” என்றார். தாப்பா என்றால் பரவாயில்லை என்று அர்த்தம். பரவாயில்லாதவர்கள்தான் அந்தச் சொல்லை அதிகம் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை இருவரும் வந்தார்கள். சந்திரமதிக்குத் தலை வாரி, பவுடர் பூசி, ரிப்பன் கட்டியிருந்தது. அக்கா அவள் கையைப் பிடித்திருந்தார். தலையில் பூ இல்லை. அன்று பொன்னுதுரையே கவுண்டரில் உட்கார்ந்தார். நான் தராசுக்குப் பக்கத்தில் நின்றேன்.

சின்னையா, பொன்னம்மா, சங்கரன், பத்மினி. நான்கு பேருக்கும் அக்கா சரியாகப் பதில் சொன்னார்.

“சீதா.”

“இருக்கேன்” என்றது பிள்ளை. சொல்லிக் கொடுத்தபடி, கணீரென்று, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு.

அக்கா அந்தப் பிள்ளையைக் குனிந்து பார்த்தார். கிடங்கில் ஷீட்டை வெளிச்சத்தில் பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிடித்திருந்த கையை விட்டுவிட்டார்.

“இது சீதா இல்லை” என்றார். “பக்கத்து வீட்டுப் பிள்ளை. இதுக்கு ஒண்ணும் தெரியாது. சீதா இல்லை.”

பொன்னுதுரை பென்சிலைக் கீழே வைத்தார். “அப்ப சீதா எங்க?”

“செத்துப்போயிட்டா. ஜப்பான்காரன் இருந்தப்போ.”

பொன்னுதுரை அதோடு நிறுத்தியிருக்கலாம். அட்டையைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, மற்ற பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் கடமை அது. சங்கரன்? “இல்லை.” பத்மினி? “இல்லை.” பொன்னம்மா? “இல்லை.” சின்னையா? “இல்லை.” ஒவ்வொரு முறையும் பொன்னுதுரையின் சிவப்புப் பென்சில் ஒரு கோடு இழுத்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

“ஆறு பேரெண்டு ஏன் சொன்னனீங்கள்?”

“அன்னிக்கு இருந்தாங்க” என்றார் அக்கா. “தம்பி கேட்டான், நான் சொன்னேன். நான் சொன்னதைத்தான் எழுதினான். அவன்மேல தப்பில்லை.”

நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும் என்றுதான் படுகிறது. பேசவில்லை. செகாமட்டில் இருந்த பிள்ளைகளைக் காரணம் சொல்லலாம். பயம் என்பதுதான் உண்மை.

மிச்சமிருந்த ஒரு பெயரையும் பொன்னுதுரை அடித்தார். தனி ஆளுக்கு அட்டை கிடையாதே. பிறகு என் பக்கம் திரும்பி, “இண்டைக்கு உள்ளதைக் குடுத்து விடும்” என்றார். ஆறு பங்கையும் அளந்து வைத்தேன். அக்கா தொடவில்லை. சந்திரமதியின் ரிப்பனைச் சரிசெய்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தார். சாயங்காலம் அந்த அரிசியை நானே சைக்கிளில் கொண்டு போய்ப் பாக்கியலட்சுமி வீட்டில் இறக்கினேன். ஜூலையில் அவளுக்கு ஆறு மாதம் நிறைந்து சொந்த அட்டை வந்தது.

வருஷக் கடைசியில் அறிக்கை தயாரானது. தட்டச்சு செய்தது நான். திட்டம் நன்றாக நடந்தது, இத்தனை குடும்பங்கள் பயன் பெற்றன, தகுதியற்றவர்கள் கண்டுபிடித்து நீக்கப்பட்டார்கள் என்று அதில் இருந்தது. நீக்கப்பட்டவர்களில் ஆறு பேர் அக்கா வீட்டார். மேலே இருந்தவர்கள் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். எனக்கு வேலை நிரந்தரமானது. கமலவேணியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள்.

ரப்பர் விலையும் ஏறத் தொடங்கியது. கிடங்கில் அக்காவை வாரத்துக்கு மூன்று நாள் மறுபடி எடுத்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த ஏழு மாதம் அவர் எப்படிச் சாப்பிட்டார் என்று கேட்க எனக்கு முகமில்லை. அரிசியை இறக்கிய நாளிலிருந்து எட்டு மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அடுத்த பொங்கலுக்கு முதல் நாள் போனேன். தேங்காய் இரண்டு, நல்ல மீன், ஒரு சிகரெட் பெட்டி, சந்தையில் வாங்கிய பச்சைப் பலகாரம். கம்போங் முழுக்கச் சாம்பிராணி வாசம். வீடுகளின் கதவுகள் சாத்தியிருந்தன, குடும்பங்கள் வாசலில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு காத்திருந்தன. அக்கா வீட்டுக் கதவு மட்டும் திறந்திருந்தது. அவர் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். இன்னும் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

“இன்னும் இலை போடலையா, அக்கா? மீன் கொண்டு வந்திருக்கேன்.”

“யாருக்குப் போடறது?”

நான் மீன் பொட்டலத்தைப் படியில் வைத்தேன்.

“அஞ்சு பேரையும் இல்லைன்னு நானே சொல்லிட்டேனே, தம்பி. அத்தனை பேரு முன்னால, பேரைக் கேட்டுக் கேட்டுச் சொன்னேன். அப்புறம் கூப்பிட்டா எப்படி வருவாங்க?”

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்பதுபோலச் சொன்னார். அப்படி இல்லை அக்கா, ஆபீசில் சொன்னது கணக்கில்லை, அவர்களுக்குத் தெரியும் என்று எதையெதையோ உளறினேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பலகாரப் பொட்டலத்தை மடியில் வைத்துப் பிரித்து, ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி வைத்து மூடினார்.

பக்கத்து வீடுகளில் ஒவ்வொன்றாகக் கதவு திறந்து ஆட்கள் உள்ளே போனார்கள். நாங்கள் இருவரும் படியிலேயே உட்கார்ந்திருந்தோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே யாரும் சாப்பிடவில்லை.